பூனையிடமிருந்து நமக்கு என்னென்ன தொற்றும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள், தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள், பூனை உள்ள வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நோய்களின் பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் அவை நம்மை வந்தடையும் வழிகள் குறைவு: பல்லும் நகமும், தெள்ளும் உண்ணியும், மலம், தோல், எப்போதாவது மூச்சு. எந்த நோய் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்தால் போதும், எதைத் தடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பூனை கடித்துவிட்டது, அல்லது ரத்தம் வரும்படி பிராண்டிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பெரும்பாலானோர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ரேபிஸ் வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைப்பதால்தான் இந்தக் கழுவலே பாதி வைத்தியம். பிறகு பொவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அவை காயத்தை எரித்து வைரஸை உள்ளே தள்ளத்தான் உதவும். இறுக்கிக் கட்டுப் போடுவதும், உடனே தையல் போடுவதும் கூடாது.

அடுத்தது அரசு மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். நாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசிதான் பூனைக்கடிக்கும். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் 5 தவணை. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் 0.1 மி.லி. 0 என்பது கடிபட்ட நாளைக் குறிப்பதில்லை. முதல் ஊசி போட்ட நாளைத்தான் குறிக்கிறது.

தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் அது மூன்றாம் வகைக் காயம். அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத மருந்தைச் செலுத்த வேண்டும். மனித இம்யூனோகுளோபுலின் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிடமிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 யூனிட். தடுப்பூசி உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் உள்ள வைரஸைப் பிடித்து நிறுத்துவது இந்த மருந்துதான். முதல் நாள் விட்டுப் போயிருந்தாலும் முதல் ஊசியிலிருந்து 7 நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். ரத்தம் வராத சிறு பிராண்டல் இரண்டாம் வகை. அதற்குத் தடுப்பூசி மட்டும். காயமில்லாத தோலை நக்கியிருந்தால் எதுவும் தேவையில்லை. ஆனால் வாய், கண், புண் மீது எச்சில் பட்டால் அதுவும் மூன்றாம் வகையே.

முன்பே முழுத் தவணையும் போட்டவரை மறுபடி கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். அதனால் பழைய ஊசி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் பூனை வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை, அதற்கு ஊசியும் போட்டிருக்கிறோம். அப்படியும் நாங்கள் ஊசி போட வேண்டுமா?

ஆம், தொடங்கிவிடுங்கள். இந்தியாவில் ரேபிஸைச் சுமந்து திரிவது முக்கியமாக நாய்தான். பூனைக்கு நாயிடமிருந்து வருகிறது. 'வெளியே போனதே இல்லை' என்று சொல்லும் வீடுகளில் மொட்டை மாடிக் கதவு திறந்திருப்பதும், கடுவன் பூனை இரவில் ஜன்னல் வழியாகப் போய்வருவதும் புதிதல்ல. பூனையின் அட்டையில் தேதியையும் பாருங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, ஒரு வருடத்தில் பூஸ்டர், அதன்பின் ஆண்டுதோறும் என்பதுதான் நம் ஊர் வழக்கம். குட்டியாக இருந்தபோது ஒரே ஒரு ஊசி போட்டு, பிறகு மறந்துபோன பூனையை 'ஊசி போட்ட பூனை' என்று கணக்கில் வைக்க முடியாது.

நீங்கள் ஊசியைத் தொடங்கிவிட்டு, பூனையைக் கவனித்து வாருங்கள். 10 நாட்களுக்குப் பிறகும் அது நன்றாக இருந்தால் மீதித் தவணைகளை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார்.

அந்த 10 நாள் கணக்கு எதற்கு? என்ன பார்க்க வேண்டும்?

ரேபிஸ் வந்த பூனையின் எச்சிலில் வைரஸ், அறிகுறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்பிருந்துதான் வரத் தொடங்கும். அறிகுறி வந்துவிட்டால் சில நாட்களிலேயே பூனை இறந்துவிடும். ஆகவே கடித்த பிறகு 10 நாட்கள் அது வழக்கம்போலத் தின்று, விளையாடி, தூங்கிக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று கொள்ளலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும். குரங்குக்கோ கீரிக்கோ பொருந்தாது.

பூனையில் பெரும்பாலும் வெறி வகைதான் வரும். இருட்டு மூலையில், கட்டிலுக்கு அடியில் ஒளியும், கை நீட்டியவுடன் பாய்ந்து கடித்து விடாமல் தொங்கும், குரல் கரகரப்பாக மாறும், பின்னங்கால் தடுமாறும், எச்சில் ஒழுகும். தொண்டையில் முள் மாட்டியிருக்குமோ என்று வாய்க்குள் விரலை விடுவதுதான் நடக்கும் பெரிய தவறு. அறையைப் பூட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அதற்குள் இறந்துவிட்டால் புதைக்க அவசரப்பட வேண்டாம். மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். ஆனால் முடிவு வரும்வரை உங்கள் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

ரேபிஸ் ஊசி போட்டாகிவிட்டது. ஆனால் மறுநாளே கை வீங்கிச் சிவந்துவிட்டது. ஊசியின் பக்கவிளைவா?

இல்லை. பெரும்பாலும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா. பூனையின் வாயில் அது சாதாரணமாகவே குடியிருக்கிறது. நாயின் பல் சதையைக் கிழிக்கும்; பூனையின் கோரைப்பல் மெலிந்து கூராக இருப்பதால் ஆழமாகத் துளைத்துவிட்டு வெளியே வரும். மேலே இரண்டு புள்ளிதான் தெரியும், அதுவும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். உள்ளே கிருமி அடைபட்டு நிற்கும். கடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வீக்கமும், தொட முடியாத வலியும் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விரல் மூட்டு, மணிக்கட்டு, உள்ளங்கை ஆகிய இடங்களில் விழும் கடி ஆபத்தானது. அங்கே தசைநார் உறையும் மூட்டும் தோலுக்கு மிக அருகில் இருக்கின்றன. சீழ் உள்ளே பரவினால் அறுவைச் சிகிச்சை வரை போகும், விரல் மடங்காமல் போனவர்களும் உண்டு. விரலை நீட்டும்போது வலி அதிகமாகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அமாக்சிசிலின் – கிளாவுலனேட். மருந்துக் கடையில் 'காயத்துக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டு வாங்கும் எரித்ரோமைசின், செஃபலெக்சின் ஆகியவை பாஸ்டுரெல்லாவிடம் சரியாக வேலை செய்யாது. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

குட்டி பிராண்டி இரண்டு வாரம் ஆகிறது. இப்போது அக்குளில் நெறி கட்டியிருக்கிறது.

பூனைப் பிராண்டல் நோய் என்று பெயர். பார்டோனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா காரணம். பிராண்டிய இடத்தில் 3 முதல் 10 நாளில் சிறு பரு ஒன்று வரும். பலர் கொசுக்கடி என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒன்று முதல் மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்து அக்குள், கழுத்து அல்லது தொடை இடுக்கில் நெறி கட்டும். லேசான காய்ச்சல், அசதி இருக்கும். உடல்நலமாக இருப்பவர்களுக்கு இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானாகவே வடியும். நெறி பெரிதாக இருந்தால் அசித்ரோமைசின் கொடுப்பார்கள்.

நம் ஊரில் கழுத்தில் நெறி என்றவுடன் காசநோயா என்று பார்ப்பது வழக்கம், பார்க்கவும் வேண்டும். ஆனால் வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறது என்று மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. அதைச் சொன்னால் தேவையில்லாத அலைச்சல் மிச்சமாகும். எச்ஐவி உள்ளவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இதே கிருமி ரத்தக்குழாய்க் கட்டிகளையும் இதய உள்ளுறை அழற்சியையும் உண்டாக்கும்.

இந்தக் கிருமியைப் பூனைக்குப் பூனை பரப்புவது தெள்ளுப்பூச்சி. தெள்ளின் கழிவு, பூனை சொறியும்போது நகத்துக்கடியில் சேர்கிறது. அந்த நகம் நம் தோலைக் கீறும்போது உள்ளே போகிறது. ஆக நகத்தை வெட்டுவதைவிடத் தெள்ளை ஒழிப்பதே மேல். நகத்தைப் பிடுங்கும் அறுவையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தெள்ளை எப்படி ஒழிப்பது? மருந்து போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறதே?

பூனை மேல் நீங்கள் பார்க்கும் தெள்ளு மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் பாய், சோபா இடுக்கு, தலையணை, மரக்கட்டில் சந்து ஆகியவற்றில் இருக்கின்றன. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, அதிர்வோ உடல் சூடோ பட்டதும் வெளியே வரும். அதனால்தான் ஒரு முறை மருந்து போட்டு நிறுத்தினால் இரண்டு வாரத்தில் பழைய கதைதான்.

தெள்ளு இருக்கிறதா என்று உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. பூனையின் வால் அடியில் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத்தாளில் வையுங்கள். அதைச் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். மண் என்றால் கசியாது.

வீட்டில் உள்ள எல்லாப் பூனை, நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். மூன்று மாதமாவது மாதந்தோறும் தொடர வேண்டும். பூனைக்கென்று விற்கும் ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தைக் கழுத்தின் பின்புறம், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு மருந்துக்குப் பதிலாகத் தெள்ளுச் சீப்பும், பக்கத்தில் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் போதும். படுக்கை விரிப்புகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போடக் கூடாது. பூனையின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றும் திறன் குறைந்தது. சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடல் நடுங்கும், வலிப்பு வரும். தவறிப் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, உடனே கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள். இதே காரணத்தால் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும்.

கர்ப்பமாக இருக்கிறேன். பூனையை வெளியே விட்டுவிடச் சொல்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பயத்தின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா, கருவைப் பாதிக்கக்கூடிய ஓர் ஒட்டுண்ணி. பயம் நியாயமானதுதான், ஆனால் பழியைத் தவறான இடத்தில் போடுகிறோம்.

அந்த ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் பாலினப்பெருக்கம் செய்கிறது, அதன் முட்டை போன்ற கூடுகள் பூனையின் மலத்தில்தான் வருகின்றன. அதுவரை உண்மை. ஆனால் ஒரு பூனை பொதுவாக வாழ்நாளில் ஒரே முறை, எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ தின்று முதல் தடவை தொற்றியபோது மட்டும், ஒன்று முதல் மூன்று வாரம் அதை வெளியேற்றுகிறது. பெரும்பாலும் குட்டிப் பருவத்தில். வெளியே வந்த கூடு அப்போதே தொற்றாது. பழுக்க 1 முதல் 5 நாள் வேண்டும். மலத்தைத் தினமும் அகற்றினால் பழுக்க விடாமலே எறிந்துவிடுகிறீர்கள். பூனையைத் தடவுவதாலும் மடியில் வைப்பதாலும் இது வராது.

செய்ய வேண்டியவை: லிட்டர் தட்டை (பூனை மலம் கழிக்கும் மணல் தட்டு) வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். ஆள் இல்லையென்றால் கையுறை போட்டு நீங்களே செய்துவிட்டு, சோப்பால் கை கழுவுங்கள். தட்டில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி 5 நிமிடம் விடுங்கள். ப்ளீச் இந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது, சூடுதான் கொல்லும். பூனைக்குச் சமைத்த உணவோ கடைத் தீனியோ மட்டும் கொடுங்கள். கர்ப்ப காலத்தில் புதிதாகத் தெருக்குட்டியைச் சேர்க்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும் செய்துவிட்டு அரைவேக்காட்டு இறைச்சி சாப்பிட்டால் பயனில்லை. மனிதர்களுக்கு இது வரும் பெரிய வழிகளில் ஒன்று சரியாக வேகாத ஆட்டிறைச்சி, பன்றி இறைச்சி. மற்றொன்று மண்: தோட்ட வேலை, கழுவாத கீரை, கொத்தமல்லி. மண்ணில் அந்தக் கூடு ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். பூனையே இல்லாத வீட்டுப் பெண்களுக்கும் தொற்றுவது இப்படித்தான்.

டார்ச் (டாக்ஸோபிளாஸ்மா உள்ளிட்ட தொற்றுகளுக்காகக் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் ரத்தப் பரிசோதனை) முடிவைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. ஐஜிஜி, ஐஜிஎம் என்பவை தொற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் இரண்டு வகை எதிர்ப்புப் புரதங்கள். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் என்றோ வந்துபோன தொற்று, இந்தக் கர்ப்பத்துக்கு அது கெடுதல் இல்லை, உண்மையில் பாதுகாப்பு. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றாலும் அது பல மாதங்கள் ரத்தத்தில் தங்கக்கூடியது. ஐஜிஜி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கும் அவிடிட்டி பரிசோதனை செய்தால்தான் புதிதா பழையதா என்று தெரியும். ஐஜிஜி ஒன்றை வைத்துக்கொண்டு முந்தைய கருச்சிதைவுக்குப் பூனையைக் காரணம் சொல்வது சரியல்ல.

பூனைக்கு வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. குழந்தைக்கும் படர்தாமரை வந்துவிட்டது.

பூனையில் வரும் படர்தாமரைக்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை காரணம். பெர்சியன் போன்ற நீள முடிப் பூனைகளில் அதிகம். சில பூனைகள் பார்க்க நன்றாகவே இருந்து பூஞ்சையை மட்டும் சுமக்கும். மருத்துவர் வுட் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பார்த்தால் முடியின் அடியில் ஆப்பிள் பச்சையில் ஒளிரும்.

வைத்தியம் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். பூனைக்கு வாரம் இரண்டு முறை மைக்கோனசோல் – குளோர்ஹெக்சிடின் ஷாம்பு, 10 நிமிடம் நுரையோடு விட்டுக் கழுவ வேண்டும். உள்ளுக்கு இட்ராகோனசோல், கிலோவுக்கு 5 மி.கி. வீதம், ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு, மூன்று சுற்று. மனிதர்களுக்கான 100 மி.கி. கேப்சூலைப் பிரித்துக் கண்ணளவில் போட வேண்டாம். மூன்று கிலோ பூனைக்கு 15 மி.கி.தான். முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. பரிசோதனையில் பூஞ்சை வளரவில்லை என்று வந்த பிறகே நிறுத்த வேண்டும்.

உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்து 18 மாதம் வரை கிடக்கும். வீட்டைப் பெருக்கினால் காற்றில் பறக்கும்; ஈரத்துணியால் துடையுங்கள். துணிகளை இரண்டு முறை துவையுங்கள். தரையைச் சோப்பால் தேய்த்த பிறகு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

குழந்தைக்கு, கடையில் கிடைக்கும் 'எல்லாத்துக்கும் ஒரே க்ரீம்' வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். பிறகு தோல் மருத்துவருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் வந்து நிற்கும்.

ஆறாத புண் உள்ள பூனையிடமிருந்து புதிய பூஞ்சை நோய் ஒன்று பரவுகிறதாமே?

ஸ்போரோத்ரிக்ஸ் பிரேசிலியன்சிஸ். 1990களின் இறுதியில் ரியோ டி ஜெனிரோவில் தொடங்கியது. இன்று பிரேசில் முழுவதும், பக்கத்து நாடுகளிலும் பரவியிருக்கிறது. பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஒரு பூனையிடமிருந்து பிரிட்டனில் மூன்று பேருக்குத் தொற்றியதாக 2022-இல் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில், முக்கியமாக இமயமலை அடிவாரத்தில், காணப்படும் ஸ்போரோத்ரிக்ஸ் வேறு இனம். முள் குத்தியோ மண்ணிலிருந்தோ வருவது.

பிரேசில் இனத்தின் தனித்தன்மை, பூனையின் புண்ணில் அது மிகப் பெரிய எண்ணிக்கையில் இருப்பது. மூக்கு, முகம், காது, கால் நுனியில் சண்டைக் காயம் மாதிரி தொடங்கி, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல் குழியாகும். மனிதருக்குக் கடி அல்லது கீறல் வழியாக வந்து, கை நெடுக முடிச்சு முடிச்சாக வரிசையில் ஏறும். வைத்தியம் இட்ராகோனசோல், பல மாதங்கள். புண் ஆறிய பின்னும் ஒரு மாதம் தொடர வேண்டும். அங்கே பாதியில் நிறுத்திய பூனைகள்தான் நோயைத் தெருவெல்லாம் கொண்டுபோயின.

பறவைக் காய்ச்சல் பூனைக்கு வருமா?

வரும், வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். எச்5என்1 வைரஸ் பூனைக் குடும்பத்தைத் தாக்கும் என்பது தாய்லாந்தில் 2004-லேயே தெரிந்துவிட்டது. அங்கே ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் தொற்றுள்ள கோழியைத் தின்ற புலிகள் கூட்டமாக மடிந்தன. 2023-இல் போலந்திலும், தென்கொரியாவின் சியோலில் பூனைக் காப்பகங்களிலும் வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குப் பரவியபோது, டெக்சாஸ் பண்ணை ஒன்றில் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகளில் ஏறக்குறைய பாதி இறந்தன. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளில் கண்டறியப்பட்டது.

இந்தச் சம்பவங்களில் பலவற்றிலும் வைரஸ் நுழைந்த வழி வாய்: பச்சைக் கோழி, பச்சைப் பால், பச்சை இறைச்சியில் செய்த தீனி. நம் ஊரில் பிராய்லர் கடைக்காரர் கொடுக்கும் தலை, குடல், கழிவை அப்படியே போடுவது பரவலான பழக்கம். அதைக் கொதிக்க வைத்து, உள்ளே சிவப்பில்லாமல் வெந்த பிறகே போடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது வைரஸைக் கொல்லாது, பத்திரமாகப் பாதுகாக்கும். பாலைக் காய்ச்சுங்கள். பச்சைத் தீனிதான் பூனைக்கு இயற்கை என்ற விளம்பரத்தை நம்பி, பறவைக் காய்ச்சல் சுற்றும் காலத்தில் அதை வாங்குவது வீண் ஆபத்து.

அறிகுறி: கடும் காய்ச்சல், தீனி மறுத்தல், மூச்சிரைப்பு, கண் தெரியாமல் முட்டிக்கொள்வது, சுற்றிச் சுற்றி நடப்பது, வலிப்பு. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடலாம். ரேபிஸ் போலவே தோன்றுவதால் கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அக்கம்பக்கத்தில் காகமோ கோழியோ செத்துக் கிடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூனையைப் பராமரித்தவருக்கு 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு வந்தால் பூனையின் கதையையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பூனையிடமிருந்து மனிதருக்குப் பறவைக் காய்ச்சல் பரவுவது அரிது. உறுதியான ஒரு நிகழ்வு 2016-இல் நியூயார்க் விலங்குக் காப்பகங்களில் நடந்தது. அது எச்7என்2 என்ற வேறு வைரஸ். பூனைகளைக் கையாண்ட கால்நடை மருத்துவர் ஒருவருக்கு லேசாக வந்து குணமானது.

கோவிட்?

நாம்தான் பூனைக்குக் கொடுக்கிறோம். 2021 ஜூனில் சென்னை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குத் தொற்றி, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது நினைவிருக்கும். டெல்டா வகை என்று உறுதியானது. வீட்டுப் பூனைக்குப் பெரும்பாலும் லேசான தும்மலோடு போய்விடும். திருப்பி மனிதருக்கு வந்ததற்கு, அதே 2021-இல் தாய்லாந்தின் சோங்க்லா மாகாணத்தில் நல்ல சான்று கிடைத்தது. மாதிரி எடுக்கும்போது பூனை முகத்தில் தும்மியது. தொற்றுக்கு ஆளான கால்நடை மருத்துவர் கையுறையும் என்95-ம் போட்டிருந்தார், கண்ணுக்கு மட்டும் காப்பு இல்லை. உங்களுக்குக் கோவிட் என்றால் குணமாகும்வரை பூனையை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜப்பானில் பூனையிடமிருந்து வந்து ஆட்கள் இறந்த நோய் எது?

எஸ்எஃப்டிஎஸ். உண்ணி கடித்துப் பரவும் வைரஸ். முதலில் சீனாவில் கண்டறியப்பட்டு, ஜப்பான், கொரியாவிலும் இருக்கிறது. 2016-இல் ஜப்பானில் நோயுற்ற தெருப்பூனை கடித்த பெண் ஒருவர் இறந்தார். 2025-இல் மியே மாகாணத்தில், நோயுற்ற பூனைக்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் இறந்தார். பூனைக்குக் காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை, வெள்ளணுவும் தட்டணுவும் சரிவது. பாதிக்கு மேற்பட்ட பூனைகள் இறக்கும். அந்த நாடுகளில் வசிப்பவர்கள் மாதந்தோறும் உண்ணி மருந்து போடுவதையும், பூனையைப் புல்வெளியில் திரிய விடாமல் வைப்பதையும் விட்டுவிடக் கூடாது. உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

சைப்ரஸ் தீவில் பூனைகளைக் கொன்ற வைரஸ் நமக்கு வருமா?

வராது. 2023-இல் அங்கே பரவிய எஃப்சிஓவி-23, பூனைக் கொரோனா வைரஸும் நாய்க் கொரோனா வைரஸும் கலந்து உருவானது. பூனைகளுக்கு எஃப்ஐபி என்ற வயிற்று நீர்க்கோவை நோயை உண்டாக்குகிறது. வழக்கமாக எஃப்ஐபி பூனைக்குப் பூனை நேரடியாகத் தொற்றாது. பூனையின் உடலுக்குள்ளேயே சாதாரண குடல் வைரஸ் மாறித்தான் வரும். சைப்ரஸில் நோயுண்டாக்கும் வைரஸே நேரடியாகத் தாவியது, அதனால்தான் அவ்வளவு வேகம். 3 லட்சம் பூனைகள் இறந்ததாகச் சுற்றிய எண் யாரும் எண்ணிப் பார்த்ததல்ல. கோவிட்டுக்காக வாங்கி வைத்திருந்த மொல்னுபிராவிர் மாத்திரைகளை அந்த நாட்டு அரசு பூனைகளுக்குத் திருப்பிவிட்டது. பத்து வருடம் முன்பு எஃப்ஐபி என்றால் மரணம்தான். இன்று ஜிஎஸ்-441524 மருந்தை 84 நாள் கொடுத்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன.

பான்லூகோபீனியா என்ற வாந்தி பேதி நோய், பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்ஐவி, பூனை ரத்தப்புற்று வைரஸ் ஆகியவையும் மனிதரைத் தொற்றாது. பான்லூகோபீனியா வந்த வீட்டில் புதுக் குட்டியை மட்டும் ஊசி போடாமல் கொண்டுவராதீர்கள்; அந்த வைரஸ் வீட்டில் மாதக்கணக்கில் கிடக்கும்.

குடற்புழு மருந்து எத்தனை முறை?

குட்டிக்கு மூன்றாம் வாரத்தில் தொடங்கி, எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு வந்துவிடுவதால்தான் இவ்வளவு சீக்கிரம். வால் அடியில் அரிசி மாதிரி ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்கியதால் வருவது, ஆகவே புழு மருந்தோடு தெள்ளு மருந்தும் வேண்டும். குழந்தைகள் விளையாடும் மணல் குவியலை இரவில் தார்ப்பாயால் மூடுங்கள். பூனைக்கு அது பெரிய கழிப்பறை. அங்கே கிடக்கும் உருளைப்புழு முட்டை வாய்வழியாகப் போனால் கண் வரை பாதிக்கும். கொக்கிப்புழுவின் குட்டி வெறுங்காலில் ஏறித் தோலுக்கடியில் கோடு கோடாக ஊரும்.

பூனை முடி உள்ளே போனால் டிப்தீரியா வரும், ஆஸ்துமா வரும் என்கிறார்களே?

முடியால் டிப்தீரியா வராது. ஆனால் கோரினிபாக்டீரியம் அல்சரன்ஸ் என்ற நெருங்கிய உறவுக்காரக் கிருமி ஒன்று சளி பிடித்த பூனையிடம் இருக்கலாம். அது டிப்தீரியா மாதிரியே தொண்டையில் சவ்வு படர வைக்கும். ஜப்பானில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைத்த ஒரு பெண் 2016-இல் இதனால் இறந்திருக்கிறார். டிப்தீரியா தடுப்பூசி இதன் நச்சையும் தடுக்கும். குழந்தையாக இருந்தபோது போட்டதோடு நின்றவர்கள், டெட்டனஸ் ஊசி போடும்போது டிடி-யாக (டெட்டனஸும் டிப்தீரியாவும் சேர்ந்த ஊசி) போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்துமா தொற்றல்ல, ஒவ்வாமை. பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் உள்ள புரதம்தான் காரணம்; முடி அதைச் சுமக்கிறது. படுக்கையறைக்குள் விடாமல் வைத்தாலே பலருக்குத் தணியும்.

இலங்கையில் பூனையால் யானைக்கால் நோய் வருகிறது என்பது உண்மையா?

நேரடியாக இல்லை, கொசு வழியாக. இலங்கை 2016-இல் யானைக்கால் நோயை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. ஆனால் பல பத்தாண்டுகளாகக் காணாமல் இருந்த, அந்த நோயை உண்டாக்கும் புருகியா மலாயி என்ற புழு மறுபடி தலைகாட்டியிருக்கிறது. நாய், பூனை ரத்தத்தில் அது தங்கியிருப்பதால், மனிதருக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் வேர் அறுபடுவதில்லை. மேன்சோனியா கொசு இதைப் பரப்புகிறது. நீர்த்தாவரம் மண்டிய குளங்களில் அது பெருகும்.

வீட்டைக் கழுவ எந்தக் கிருமிநாசினி?

கருப்பு பினாயிலும், டெட்டால் வகையும் பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. பீனால் சேர்மங்கள் பாதத்தில் ஒட்டும், அது நக்கும், ஈரல் கெடும். சோப்புத் தண்ணீரும், நீர்த்த ப்ளீச்சும் போதும். பூனை சிறுநீர் கழித்த இடத்தில் நேரடியாக ப்ளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு வரும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுப் பிறகு போடுங்கள். ஆசிட்டோடும் கலக்கக் கூடாது.

தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோகிறோம். எங்களுக்குத் தனியாக என்ன வேண்டும்?

கடிபடும் முன்பே ரேபிஸ் தடுப்பூசி: 0, 7, மற்றும் 21 அல்லது 28 ஆகிய நாட்களில். பிடிப்பதற்குக் கூண்டுப் பொறி. கையாலோ சாக்காலோ பிடிக்க வேண்டாம். தடித்த தோல் கையுறை பிராண்டலைத் தடுக்கும், கோரைப்பல்லை முழுதும் தடுக்காது. கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடினால் பூனை அடங்கிவிடும். ஒரு கூண்டில் ஒரு பூனைதான். கருத்தடைக்காக மயக்கத்தில் இருக்கும்போதே ரேபிஸ் ஊசியையும் போட்டு, காது நுனியை அடையாளமாக வெட்டச் சொல்லுங்கள். பையில் ஒரு சோப்புக் கட்டியும் ஒரு லிட்டர் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.